சிரிப்புக்கு விட்ட இடைவெளி

"தலையணை நழுவுது பாருங்க. நகராட்சித் தலைவருக்குத் தொப்பை முழங்கால்லயா இருக்கு?"

முக்காலி மேல் ஏறி நின்று, போனைப் பிடித்தபடி மனைவி கேட்டாள். அவர் பெல்ட்டை இறுக்கித் தொப்பையை அதன் இடத்துக்கு ஏற்றினார். இருவரும் சேர்ந்து எடுத்த கடைசி வீடியோ அது. அந்த வாரமே மாரடைப்பில் அவள் போய்விட்டாள்.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நகராட்சிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, சமையலறையில் அதை நடித்துக் காட்டி யூடியூபில் போடுவார். கட்சி கிடையாது, பத்திரிகை கிடையாது. அரசியல் விமர்சகர் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார். பார்ப்பவர்களில் பாதிப் பேரோ, "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல தண்ணி ஒழுகுது, எப்ப வர்றீங்க?" என்றுதான் கீழே எழுதினார்கள்.

அவள் சிரித்தால் போன் ஆடும். அதனால் ஒவ்வொரு ஜோக்குக்கும் அவள் துண்டை வாயில் அடைத்துச் சிரித்து முடிக்கும்வரை அவர் சிலை மாதிரி நிற்பார். அந்த இடைவெளிகளை அவள் பிறகு வெட்டிவிடுவாள். தனக்குச் சிரிப்பு வராத ஜோக்குகளையும் சத்தமில்லாமல் வெட்டிவிடுவாள். தான் சொல்வதெல்லாம் எடுபடுகிறது என்று அவர் இத்தனை காலம் நம்பியது அந்தப் புண்ணியத்தில்தான்.

நூலகத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தபோது, அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இனிமேல் தன்னால் தனியாக முடியுமா, இல்லை சேனலை மூடிவிட வேண்டியதுதானா என்று பார்த்துவிட நினைத்தார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, நகராட்சி இஞ்சினியரைப் பற்றியும் ஒரு ஜோக் சேர்த்து நடித்தார். வெட்டத் தெரியாததால் அப்படியே ஏற்றினார்.

மறுநாள் காலையில் மைத்துனன் போன் செய்தான்.

"மாமா, நடுநடுவுல ஏன் கரண்ட் போன மாதிரி நிக்கிறீங்க? நெட்டு போச்சுன்னு நான் போனை ரெண்டு தட்டு தட்டினேன்."

"உங்கக்கா சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னேன்டா. பழக்கதோஷம்."



"அந்த இஞ்சினியர் ஜோக்குக்கு அக்கா சிரிச்சிருக்க மாட்டா, மாமா."

"ஏன்டா?"

"மொக்கை. அவளுக்காகக்கூட என்னால சிரிக்க முடியல."

அவருக்குச் சுருக்கென்றது. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தொப்பையோடு ஓர் ஆள் சுவரைப் பார்த்து விறைத்து நின்றான். முதல் இடைவெளியில் அவள் துண்டுக்குள் திணறுவது அவர் காதில் விழுந்தது. அடுத்ததிலும் விழுந்தது. இஞ்சினியர் ஜோக்கில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. பயல் சொன்னது சரிதான்.

மைத்துனனிடம் கேட்டுக் கேட்டு, நாலைந்து முறை தன் தலையையே வெட்டிப்போட்டு, கடைசியில் அந்த ஜோக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினார். மற்ற இடைவெளிகளில் கை வைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனார். வாசலில் காவலாளி எப்போதும்போல் கையை நீட்டி மறித்து, எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"சார் எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்ல, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு, அவள் சிரித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.