பஞ்சுத் தொண்டை

உக்கிரபாண்டியின் குரல் கம்மியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்குப் பஞ்சுத் தொண்டைதான். மெஷின் இரைச்சலில் கத்திப் பயனில்லை என்று உதட்டசைவிலேயே பேசிப் பழகிய சனம். அங்கே ஒருவன் குரல் போவது எப்படித் தெரியும்? பஞ்சுக்கு முறிவென்று வெல்லக்கட்டியை அதக்கியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான், அதே மில்லில் வேலை பார்க்கும் அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய், ஸ்ரீவில்லிபுத்தூர் தொண்டை டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

ஸ்கேன் எடுத்து, சதை வெட்டிச் சோதித்து, கடைசியில் டாக்டர் சொன்னார்: "பீடியால வர்றது இல்லம்மா. குரல்வளைக் குருத்தெலும்புலயே வர்ற புத்துநோயி. ரொம்ப அபூர்வம், நானே இப்பதான் பாக்கேன். கரண்டு வைத்தியம் வச்சாலும் பெருசாக் கேக்காது. குரல்வளைய முழுசா எடுத்துட்டு, கழுத்துல துளை போட்டு மூச்சு விடவைக்கணும்."

"பேச்சு?"

"இந்தக் குரல் இருக்காது. ஆளு இருப்பாரு."

ஆபரேஷனுக்கு மதுரை போகும் பஸ்ஸில் அவள் காத்திருந்தாள். ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து "ஏட்டி வெள்ள" என்பானே, அப்படி ஒரு தரம் கூப்பிட மாட்டானா என்று. அவன் ஜன்னல் கண்ணாடிக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றான்.

"கண்ணாடிய ஆணியடிச்சா வச்சிருக்கீக? நாங்க என்ன கூண்டுக் கோழியா?"

"இந்தக் கம்முன தொண்டைக்கு எம்புட்டு வாயிடா சாமி!"

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். மதுரை வரைக்கும் அந்தக் கண்டக்டரைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தான்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு பார்க்க வந்த, மில்லில் கூட வேலை பார்க்கும் பாண்டீஸ்வரி, "ஒனக்கென்ன மதினி, நாமதான் உதட்டப் பாத்தே பேசுற ஆளுக" என்றாள். பொய்யில்லை. உப்புக் குறைச்சல், மாத்திரை எங்கே, கரண்டு பில் கட்டியாச்சா, எல்லாம் அவன் உதட்டிலிருந்து அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் அவள் பார்த்தால்தான் வருகிறது.

சாயங்காலம் குழாயடியில் குனிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அவன் கை தட்டினான். காதில் விழுந்தும் திரும்பவில்லை. டம்ளரால் தரையைத் தட்டினான். சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. மெதுவாக நடந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்தான். கழுத்துத் துளையிலிருந்து புஸ்ஸென்று வந்த மூச்சு அவள் பிடரியில் சூடாகப் பட்டது. மறுபடியும் பட்டது.

தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தவள், கை நீட்டிக் குழாயை மூடிவிட்டு அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.