நாலாவது மீசான்

ஆதம்பாவா மாமாவின் வயலில் மூன்று கற்கள் நின்றன. ஆள் உயரம், ஒரே வரிசை. யார் நட்டது, எப்போது நட்டது என்று சவளக்கடையில் ஒருவரும் கேட்டதில்லை. எருமைகள் அவற்றில் முதுகு சொறிந்துகொள்ளும். அவற்றால் வேறு பயன் இல்லை.

1981 புரட்டாதியில் ஆயிஷா உம்மா என்ற மனுசி காணாமல் போன ஆட்டைத் தேடி அந்தப் பக்கம் போய்க் கற்களை எண்ணினார். எங்கள் ஆட்கள் கப்றுக் குழிக்கு மேல் மீசான் கல் நடும்போது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. ஆகவே அங்கே அடங்கியிருப்பது ஒரு பெண். முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் இடையில் பதினெட்டு அடி இருந்ததால் சாதாரணப் பெண் இல்லை, இறைவனுக்கு நெருங்கிய அவுலியா. ஆடு கிடைக்க வேண்டுமென்று அங்கேயே நேர்ச்சை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆடு குசினிக்குள் நின்று அரிசி தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கற்களுக்குப் பச்சைத் துணி கட்டியாயிற்று. சந்தனக்குச்சி, புக்கை பொங்கும் பானை, நாற்பது பெண்கள். பள்ளிவாசலின் தலைமை மரைக்கார் கச்சிமுகம்மது வந்து பார்த்தார். வயலில் பாதியை வேலி அடைத்துப் பள்ளிக்குச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவின் மகள் சபூறாவுக்குச் சீதனமாகப் பேசியிருந்ததே அந்த மூன்று ஏக்கர்தான். நிந்தவூர் மாப்பிள்ளை வீட்டார் வயலை முழுதாகக் கேட்டிருந்தார்கள். பாதி வயலுக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்தேன். மாமா காலைப் பிடித்து இழுத்தார்.

“எழும்பு மனே. நீ கெம்பஸில ஒண்டரை வருசம் சரித்திரம் படிச்சவன்தானே? வந்து அது கப்று இல்லையெண்டு சொல்லு.”

“நான் படிப்பை விட்டுட்டு வந்தவன் மாமா.”

“இல்லையெண்டு சொல்ல ஒண்டரை வருசம் காணும்.”

அவர் சைக்கிள் மிதித்தார். நான் பின்னால் இருந்து தூங்கினேன். வயலில் இறங்கி ஒரு கல்லின் அடியைக் காலால் கிளறினேன். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாகப் பழைய பானை ஓட்டுத் துண்டுகள் வந்தன.

“இது கப்றுதான் மாமா.”

“டேய்!”

“இந்த ஓடு ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. இஸ்லாம் வரமுந்தியே மவுத்தான ஆள்.”

பக்கத்து வயல் இளையதம்பி வரம்பில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப அது எங்கட ஆள்தான் போடியார். ஒரு கோயிலக் கட்டுவமா?”

“வாயப் பொத்து இளையதம்பி. வயல் ஒரு பக்கத்தால போறது காணாதா?”

மாமா கற்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு நின்றார்.

“ரெண்டெண்டா ஆம்புள. மூண்டெண்டா பொம்புள. நாலெண்டா?”

“நாலுக்குக் கணக்கில்ல.”

“கணக்கில்லாட்டி கப்றும் இல்ல!”

அன்றைக்கே இளையதம்பியின் எருமைச் சோடியைப் பூட்டி வாய்க்கால் கரையில் கிடந்த ஒரு நெட்டைக் கல்லை இழுத்து வந்தோம். மாமா நான்கு அடிக் கிடங்கு வெட்டினார். இரண்டு அடி போதும் என்றேன். சபூறாவின் வாழ்க்கை இதில் கிடக்கிறது என்று சொல்லி, களிமண்ணைப் போட்டுப் போட்டு உலக்கையால் இடித்தார். மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பிறகு ஐந்து நாள் நல்ல வெயில்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். எண்ணினார்கள். திகைத்து நின்றார்கள். மாமா வரம்பில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

ஆயிஷா உம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டு இரண்டாம் தரமும் எண்ணினார்.

“ரெண்டும் ரெண்டும் நாலு. ரெண்டு ஆம்புள அவுலியா. பக்கத்துல பக்கத்துல படுத்திருக்காங்க.”

மாமா வரம்பிலிருந்து இறங்கி வந்தார். “போன கிழமை பொம்புள எண்டீங்களே, ராத்தா?”

“போன கிழமை மத்தவர் வெளிய வரல்லயே தம்பி.”

மரைக்கார் அளவுக் கயிற்றோடு வந்தார். இரண்டு பேருக்குப் பாதி வயல் காணாது என்றார். முழு வயலையும் அளக்கத் தொடங்கினார்.

மாமா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். “மரைக்கார், அல்லாவுக்காகக் கேளுங்க. நாலாவது கல்ல நாந்தான் நட்டன்.”

மரைக்கார் கல்லைப் பார்த்தார். மாமாவின் தொந்தியைப் பார்த்தார். “நீயா?”

“நானும் மருமகனும் இளையதம்பியும்.”

“ஓம் மரைக்கார், என்ட எருமைதான் இழுத்த,” என்றார் இளையதம்பி.

“நட்டவனுக்குப் புடுங்கவும் ஏலும்தானே? புடுங்கு.”

மூன்று பேரும் கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டினோம். அசையவில்லை. அலவாங்கு போட்டு நெம்பினோம். அலவாங்குதான் வளைந்தது. எருமைச் சோடியைப் பூட்டினோம். கயிறு அறுந்தது; எருமை இரண்டும் சேற்றில் படுத்துவிட்டன.

“எருமைக்கும் தெரிஞ்சிரிக்கி,” என்றார் ஆயிஷா உம்மா.

களிமண் நனைந்து காய்ந்தால் சீமெந்து மாதிரி இறுகும், இதில் வேறொன்றும் இல்லை என்று நான் எல்லாருக்கும் விளக்கினேன். பெண்கள் ஸலவாத்துச் சொல்லிய சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மரைக்கார் அளந்து முடித்து நான்கு மூலைக்கும் கம்பு நட்டுவிட்டுப் போனார். கூட்டமும் கலைந்தது.

மாமா மட்டும் கல்லுக்கு முன்னால் நின்றார்.

“மனே, இத நாமதான் நட்டமா?”

“ஓம் மாமா.”

“வடிவா யோசிச்சுப் பாரு.”

“உங்கட உள்ளங்கையப் பாருங்க. உலக்கை புடிச்ச கொப்புளம் இன்னும் கிடக்கு.”

அவர் கையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கல்லுக்குக் கிட்டப் போய் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“நேர்ச்சை வைச்சன். இந்த வயல் என்ட கையை விட்டுப் போகாட்டி ஒரு கிடா அறுக்கிறனெண்டு.”

“வயல எடுக்கிறதே அவங்கதானே மாமா. ரெண்டு பேர்ல யாருக்கு வைச்சீங்க?”

மாமா நாலாவது கல்லைக் காட்டினார்.

“இவருக்குத்தான். மத்தவர எனக்குப் பழக்கமில்ல.”