ஐவின் தலையசைத்தான்

செவ்வாய், அக்டோபர் 14. இன்றைய பிழை: 'ரூலி' என்ற சொல்லின் ஸ்வீடன் பொருளை டென்மார்க் பத்தியில் எழுதிவிட்டேன். ஸ்வீடனில் அதற்கு வேடிக்கை என்று பொருள். டென்மார்க்காரர்களான எங்களுக்கும் நார்வேக்காரர்களுக்கும் அமைதி. அடித்துத் திருத்திவிட்டேன்.

அவ்வளவுதான் எழுதினான் எஸ்பென். பேனாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். மாலை வகுப்பு தொடங்கக் கால்மணி நேரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நார்வேயின் பெர்கன் நகரத்து மழை வழக்கம்போலப் பெய்துகொண்டிருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவில்லை என்றாலும் அது அங்கே இருப்பது விரலுக்குத் தெரிந்தது. நேற்றைய பெரிய பிழையை எழுத வேண்டியது அந்தத் தாளில். நாளைக் காலை எட்டு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டென்மார்க்கில் பிறந்தவன் நார்வே மொழி வகுப்புக்கு வருவதைக் கேட்டு முதல் நாளே எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் போக வழிகாட்டி வைத்துக்கொள்வது மாதிரி இருந்தது அவர்களுக்கு. அவன் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியின் தலைவி குன்வோர்தான் சேரச் சொன்னார். எழுத்தில் இரண்டு மொழிகளும் கூடப் பிறந்தவை. பேச்சில் டேனிஷ், வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறதாம். ஆறு மாதத் தற்காலிகப் பணி இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்று அன்று சொல்வார்கள். எஸ்பென் ஒழுங்காகத் தயாராகியிருந்தான். ஒரே உருவத்தில் வந்து வேறு பொருள் சொல்லும் சொற்களுக்கென்றே நோட்டில் பத்திகள் போட்டிருந்தான். 'கிரீனே' என்றால் அவன் ஊரில் சிரிப்பது, இங்கே அழுவது. 'ஃப்ரோகொஸ்ட்' அங்கே மதிய உணவு, இங்கே காலை உணவு. நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன. அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட நேற்று அவனைக் கவிழ்க்கவில்லை.

நேற்று பதினொரு குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள், அவனும் ஐவினும். ஐவின் ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்ப்பவன். மலைச்சரிவில் அடுப்புக்கல் வைத்ததும், கூரை போட்டதும் அவன்தான். குழந்தைகள் தொத்திறைச்சி சுட்டுத் தின்று முடித்தார்கள். இரண்டு பேருக்குக் கை கழுவ ஓடைக்குப் போக வேண்டியிருந்தது. எஸ்பென் ஐவினிடம் சொன்னான்: நான் இவங்க ரெண்டு பேரையும் ஓடை வழியா கீழே கூட்டிட்டு வந்துடறேன், குட்டிப் பொண்ணு தூவா அந்தப் பாறைக்குப் பின்னால விளையாடறா, நீ அவளையும் சேத்துக் கூட்டிட்டு வா. ஐவின் "ஹா?" என்றான், என்ன சொன்னாய் என்பதுபோல. மறுபடி சொன்னான். ஐவின் சற்றுக் குனிந்து அவன் வாயையே பார்த்தான். பிறகு "யா, யா" என்று தலையசைத்தான்.

கீழே கேட்டில் குழந்தைகளை எண்ணியபோது பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

எஸ்பென் அந்தச் சரிவில் எப்படி ஏறினான் என்பது அவனுக்கே நினைவில்லை. நான்கு வயதுத் தூவா பாறைக்குப் பின்னால் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாசியை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடம் தனியாக இருந்திருக்கிறாள். அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "தனித்தனியாப் போயிட்டீங்களே, உனக்கும் ஐவினுக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"ஹா?" என்றாள் தூவா, முகத்துக்கு நேராக. குழந்தைகள் அப்படித்தான். புரியவில்லை என்றால் புரியும்வரை விட மாட்டார்கள். பெரியவர்கள்தான் தலையசைப்பார்கள். ஆறு மாதமாகக் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், பெற்றோர், எல்லோரும் அவனுக்குத் தலையசைத்தார்கள். நாம் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று, நீ உன் மொழியில் பேசு, நான் என் மொழியில் பேசுகிறேன் என்பது இங்கே பள்ளியிலிருந்தே சொல்லிக் கொடுக்கும் மரியாதை. புரியவில்லை என்று சொல்வது சொந்தக்காரனை வாசலில் நிறுத்தி யார் என்று கேட்பது போல.

மாலையில் குன்வோரின் அறையில் ஐவின்தான் முதலில் பேசினான்.

"எஸ்பென் சொன்னான். நான்தான் மறந்துட்டேன்."

"போன வருஷம் கேட்டைப் பூட்ட மறந்தே. இப்ப புள்ளையையே மறந்துட்டியா?" என்றார் குன்வோர். குரலை உயர்த்தவில்லை. "இனிமே உன்னை நம்பி எப்படி ஐவின் காட்டுக்கு அனுப்பறது? நீயே சொல்லு."

ஐவினின் காது மடல்கள் சிவந்தன. குன்வோர் எஸ்பென் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். "நடந்ததை உன் வார்த்தையில எழுதிக் குடு. ரெண்டு பேர் எழுதினதையும் வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

வெளியே வந்ததும் எஸ்பென் ஐவினின் பின்னாலேயே ஓடினான். "ஏன் அப்படிச் சொன்னே? உனக்குப் புரியலதானே?"

ஐவின் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சிரித்தான். "என்னடா பேசறே, என் பாட்டனே உங்க ஊர்க் கப்பல்ல வேலை பாத்தவரு. டேனிஷ் புரியாம போகுமா?" பிறகு, "விடு. நீ புதுசு," என்றான்.

இன்றைய மாலை வகுப்பில் ஆசிரியை பலகையை நான்காகப் பிரித்து, ஒவ்வொருவரையும் வேறு மொழியில் வேறு பொருள் தரும் ஒரு சொல்லோடு வரச் சொன்னார். கிரேக்கக்காரர் 'நே' என்று எழுதி, அதற்கு ஆம் என்று பொருள் என்றார். அடுத்த இருக்கையில் இருந்த செர்பியாக்காரர் எழுந்து, "எங்க ஊர்ல அதுக்கு 'இல்லை'ன்னு அர்த்தங்க," என்றார். செக் நாட்டுப் பெண் 'ஸ்க்லெப்' என்று எழுதினாள். அவளுக்கு அது நிலவறை, போலந்துக்காரருக்குக் கடை. ஸ்பெயின் நெரேயா 'புர்ரோ' என்று எழுதி, "எங்களுக்குக் கழுதை. இத்தாலிக்காரன் காலையில எந்திரிச்சு அதைத்தான் ரொட்டியில தடவறான், வெண்ணெய்னு," என்றாள். வகுப்பே சிரித்தது. எஸ்பென் முறை வந்தபோது நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பக்கத்தைப் புரட்டினான். தாள் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, "அடுத்த வாரம் சொல்றேன்," என்றான்.

டிராம் நிறுத்தத்தில் நெரேயா அவனோடு நின்றாள். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவள். கைகளை எப்போதும் ஜாக்கெட் பையில் வைத்திருப்பாள்.

"என்னாச்சு உனக்கு? அகராதியே முழுங்கினவன் இன்னிக்கு ஊமையாயிட்டே?"

அவன் நடந்ததைச் சொன்னான். ஐவின் பழியை ஏற்றுக்கொண்டதையும், வெள்ளிக்கிழமையையும் சொன்னான். ஒரு டிராம் வந்து போனது. இருவரும் ஏறவில்லை.

"அவன் தலையாட்டினான், நீ நம்பிட்டே. இதுல உன் தப்பு என்ன?"

எஸ்பென் தண்டவாளத்தைப் பார்த்தான். அந்த இடத்தைத்தான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஐவினின் கண்கள் அவன் வாயில் இருந்தன. விஷயம் புரிந்தவன் பேசுகிறவனின் வாயைப் பார்ப்பதில்லை. இரண்டு முறை சொல்லியாயிற்று. மூன்றாவது முறை சொன்னால் ஐவின் முகத்தில் அந்தப் பொறுமை வந்துவிடும், ஊனமுற்றவனுக்குக் கதவைத் திறந்து பிடிக்கும் பொறுமை. அதைப் பார்க்க முடியாது என்றுதான் அவன் திரும்பி ஓடைப் பக்கம் நடந்தான்.

"நம்பல," என்றான். "புரியலன்னு எனக்குத் தெரியும்."

நெரேயா அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு அந்தக் கவலையே இல்ல. பத்து தடவை கேப்பேன், பத்து தடவை சொல்லுவேன். நான் முழு வெளியாளு. நீ பாதி வெளியாளு, அதான் ரோஷம்." தோளால் அவனை லேசாக இடித்தாள். "எழுதினா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"எழுதலன்னா?"

"அவனுக்குக் காடு போயிடும்."

அடுத்த டிராமில் இருவரும் ஏறினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் இறங்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பையிலிருந்து எடுத்து ஆட்டினாள். எஸ்பெனால் உட்கார முடியவில்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றான், இடம் மாறினான், மறுபடி மாறினான். பிறகு முழங்காலை இருக்கையில் ஊன்றி நோட்டை ஜன்னல் கண்ணாடியில் அழுத்தி வைத்தான். டிராம் வளையும்போதெல்லாம் எழுத்து கோணியது.

நாளை: ஆறு ஐம்பது டிராம். ஏழே காலுக்கு ஐவின் விறகுக் கொட்டகையைத் திறப்பான். அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தே நான் போனதை எழுதிய தாளைக் குன்வோரிடம் கொடுப்பதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்ல வேண்டும். தலையசைத்தால், என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும்.