இரண்டு குழுவிலும் ஒருத்தி

நகராட்சிக் கூடத்தில் மேடையேறி உட்கார்ந்ததும் வில்மா முதல் வரிசையைத்தான் பார்த்தாள்.

நியூஜெர்சியின் அந்தச் சின்ன ஊரில், ஏதாவது கட்டினால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று சூழல் குழு ஆராய்ந்து சொல்லும். கட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வது திட்டக்குழு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒருவர். இந்த வருஷம் அது, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சும் லாரி ஓட்டுகிற வில்மா.

குன்றின்மேல் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் மனுப் போட்டிருந்தது. மரத்தை வெட்டித் தார் போட்டால் மழைத்தண்ணீர் மொத்தமும் கீழே கிழவர் ஆர்விலின் வீட்டுக்குள் இறங்கும் என்று சூழல் குழு சொல்லிவிட்டது. திட்டக்குழுவில் பாதிப்பேர் அதை நம்பவில்லை. வில்மா எதிர்த்துக் கை தூக்கினால் சமம். சமமானால் அனுமதி கிடையாது.

அவள் பயம் வேறு. போன சனிக்கிழமை திட்டக்குழு இடம் பார்க்கப் போனது. பார்க்கலாம், மனுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பேச்செல்லாம் கூடத்தில், ஊரார் காதில் விழும்படிதான். வெட்டப்போகும் மரங்களுக்கெல்லாம் ரிப்பன் கட்டியிருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, வேலியோரம் நின்ற ஆர்வில் கேட்டார்:

"தண்ணி என் வீட்டுக்கு வந்துருமாம்மா?"

"வர விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டாள். திரும்பினால், பின்னாலேயே நிறுவனத்தின் பொறியாளர்.

இப்போது நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். குரல் வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"ஒரே ஒரு கேள்வி மேடம். இடம் பாக்கப் போனப்ப, இந்த மனுவப் பத்தி யாருக்காவது வாக்கு குடுத்தீங்களா?"

இல்லை என்று சொன்னால் கை தூக்கலாம். ஆனால் பொறியாளர் முதல் வரிசையில் அவளையே பார்த்தபடி இருந்தார். நாளைக்கே நீதிமன்றம் போவார்கள். பொய் உடைந்தால் சூழல் குழு சொன்னதையும் குப்பையில் போடுவார்கள்.

"குடுத்தேன்."

"பீ லாரிக்காரிக்கு வாய் மட்டும் அடங்காது," என்று பின்வரிசையில் யாரோ முனகச் சிரிப்பு எழுந்தது. தலைவர் அவளைப் பார்க்காமலே, இந்த மனுவில் இனி அவளுக்கு இடமில்லை, இறங்கலாம் என்றார். அவள் எழுந்து படியிறங்கினாள்.

ஆர்வில் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டு இடம் விட்டார். உட்கார்ந்தாள். மேடையில் கைகள் உயர்ந்தன. ஒரு கை வித்தியாசத்தில் கிடங்குக்கு அனுமதி.

கிழவருக்குக் காது மந்தம். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அப்ப கீழ் அறையில இருக்கறதையெல்லாம் மேல ஏத்தணுமா?"

"ஏத்தணும். நாளைக்கு வேலை முடிஞ்சதும் லாரியோட வரேன்."

"துணி துவைக்கிற மிஷின் ரொம்பக் கனம்மா," என்றார் அவர்.