தலைகீழாக நட்ட கல்

ஆல்பனியில் அந்தச் சீனர் வீட்டுத் தோட்டத்துக்கு மண் சுமக்கத் தொடங்கிய நாளிலிருந்தே மகேசனுக்கு அதைப் பிடிக்கவில்லை. குளத்தைக் கடக்கப் போட்ட பாலம் நேராகப் போகாமல் மடங்கி மடங்கிப் போனது. கையை வீசிக்கொண்டு நடப்பவர்களுக்கு அது அழகாக இருக்கலாம். சரளைக்கல் நிரம்பிய தள்ளுவண்டியோடு ஒவ்வொரு மடிப்பிலும் இடுப்பைத் திருப்புகிறவனுக்கு, அதைக் கட்டச் சொன்னவனை வையத்தான் வாய் வரும்.

வெள்ளைச் சுவரில் நிலா மாதிரி வட்டமாக ஒரு வாசல். அதைத் தாண்டினால் தோட்டம் தெரியும் என்று பார்த்தால், எதிரே ஒரு பெரிய கல்லை நட்டு மறைக்கப் போகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டால் பிறகு நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று, கல் வைப்பதற்கென்றே சீனாவிலிருந்து வந்திருந்த பெரியவர் சொன்னாராம். வீட்டுக்கார அம்மாதான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தோட்டமும் செய்து அதை மறைக்கக் கல்லும் வாங்குகிற ஆட்களை இப்போதுதான் காண்கிறேன் என்று மகேசன் வீட்டில் மனைவி இராசமலரிடம் சொல்லிச் சிரித்தார்.

சாதாரணக் கல் இல்லை அது. ஏரித் தண்ணீர் அரித்து உடம்பெல்லாம் ஓட்டை. ஒரு பக்கம் ஒடுங்கியும் மறுபக்கம் பெருத்தும் கிடந்தது. பெரியவர் மகேசனைக் கூப்பிட்டு, பெருத்த பக்கத்தைத் தட்டித் தன் தலையைத் தொட்டார். ஒடுங்கிய பக்கத்தைத் தட்டித் தன் காலைத் தொட்டார். பிறகு இரண்டு கைகளையும் வானத்துக்கு விரித்து, மேகம் போல என்று காட்டினார். மகேசனுக்கு அதில் மேகம் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டுக்கல்லுக்குக் குண்டி கீழேதான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் கல்லை அறிந்தவர் அவர் என்று தலையாட்டினார்.

கல்லைத் தூக்கக் கிரேன் வந்த அன்று, பெரியவர் வீங்கிய கன்னத்தோடு பல் வைத்தியரிடம் போய்விட்டார். வேலைக்கு மேற்பார்வை பார்த்தவன் சந்தீப். கோயம்புத்தூர்க்காரன், மகேசனுக்கு மகன் வயது. கிரேன் ஓட்டியவன் ரஜிதன், மகேசனின் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. அவனுடைய விசாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் சந்தீப்.

கல்லில் தூக்குப் பட்டி மாட்டும்போது சந்தீப் தடுத்தான். "அண்ணே, திருப்புங்க. அகலமான பக்கம் கீழ வரட்டும். காத்தடிச்சா சாஞ்சுடும். சேஃப்டி ஆளு பாத்தான்னா சைட்டையே மூடிடுவான்."

"தம்பி, அவர் மற்றப் பக்கமெல்லே காட்டினவர்."

"நான் சொல்றேன்ல, திருப்புங்க."

திருப்பினார்கள். அடியில் சீமெந்து ஊற்றினார்கள். வாசலுக்கு எதிரே கல் சோற்றுப்பானை மாதிரிக் குந்தியிருந்தது.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். வட்ட வாசலுக்குள் ஒரு காலை வைத்தவர் மற்றக் காலை எடுக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். யார் இப்படி வைத்தது என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். சந்தீப் மகேசனைக் கைகாட்டினான். இவர் நல்ல வேலையாள்தான், ஆனால் படிப்பில்லாதவர், வரைபடத்தைத் தப்பாக வாசித்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னான்.

மகேசனுக்குக் காது சுட்டது. வரைபடம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் பள்ளிக்கூடத்தைத் தொலைத்து, நாற்பதைத் தாண்டி, இங்கே மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபத்தில் பென்சில் பிடித்தவர் அவர். வேலை முடிந்து வந்து, கண் சொருகச் சொருக ஆங்கில எழுத்துக் கூட்டியவர். ஒரு மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதையெல்லாம் சந்தீப்பிடம் அவரே சொல்லியிருந்தார். அவர் நம்பிச் சொன்னதை எடுத்து அவருடைய முகத்திலேயே எறிந்துவிட்டான்.

அவர் ரஜிதனைப் பார்த்தார். ரஜிதன் கிரேன் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சீமெந்தை உடைத்துக் கல்லைத் திருப்பும்படி சந்தீப் உத்தரவு போட்டான். மகேசன் சீமெந்தை உடைத்தார். பிறகு தூக்குப் பட்டியை நன்றாக மடித்துக் கல்லருகே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டி மாட்டுவதற்கு அங்கே அனுமதி பெற்றவர் அவர் ஒருவர்தான். அதற்கான சோதனையை இங்கிலீஷில் எழுதித் தேறியிருந்தார். கிரேன் சும்மா உறுமிக்கொண்டு நின்றது.

சந்தீப் வந்து பக்கத்தில் குனிந்தான். குரல் இறங்கியிருந்தது. "அண்ணே, நான் சொல்லித்தான் செஞ்சீங்க. ஒத்துக்கிறேன். எந்திரிங்க. நம்ம ஆளுங்க, நமக்குள்ள எதுக்கு?"

"எனக்கேன் சொல்லுறாய்? எனக்குத் தெரியும். பொய்யை எந்தப் பாஷையில சொன்னனியோ, அதிலயே அவையளுக்குச் சொல்லு."

"என் பேரு கெட்டுடும்ண்ணே."

"என்ர பேர் கெடலாம், என்ன? தோட்டத்தை மறைக்கத்தான் உந்தக் கல் வாங்கினவை. நீ ஒளிக்கிறதுக்கு என்னை நடாதை."

சந்தீப் நிமிர்ந்தான். போய்ச் சொன்னான். காற்று, பாதுகாப்பு, அவசரம் என்று சுற்றி வளைத்தான். கடைசியில், திருப்பச் சொன்னது நான்தான், இவர் வேண்டாமென்றார் என்பதும் வாயிலிருந்து வந்தது. வீட்டுக்கார அம்மா அதைச் சீன மொழியில் சொன்னார். பெரியவர் சந்தீப்பைக் கல்லருகே கூப்பிட்டார். பெருத்த பக்கத்தைத் தட்டி, தன் தலையைத் தொட்டார். ஒடுங்கிய பக்கத்தைத் தட்டி, குனிந்து தன் காலைத் தொட்டார். சந்தீப் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினான்.

மகேசன் எழுந்து பட்டியை மாட்டினார். மத்தியானத்துக்குள் கல் ஒற்றைக் காலில் எழும்பி நின்றது. கீழே இரும்புக் கம்பி கோத்து இறுக்கியதில் அசைய இடமில்லை. மேகம் என்று சொன்னால் சொல்லலாம்.

சந்தீப் காப்பி வாங்கி வந்து நீட்டினான். மகேசன் கை நீட்டவில்லை. ரஜிதன் பின்னாலேயே வந்து, "அண்ணை, கோவமோ?" என்று கேட்டான். மகேசன் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். முதல் மடிப்பில் திரும்பியதும், கல்லுக்குப் பின்னால் அவர்கள் இருவரும் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள்.

அந்தப் பாலத்தைக் கட்டச் சொன்னவனை அன்றைக்கு மட்டும் மகேசன் வையவில்லை.