மிளகாய் அள்ளப் போன நேரம்

மொட்டைமாடிப் படியில் பாதி ஏறியதும் செந்தாமரை நின்றுவிட்டாள். ஏழு மாத வயிறு, மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் நின்றது அதனால் இல்லை. மத்தியானம் ரேடியோ செய்தியில் கேட்டது நினைவுக்கு வந்துவிட்டது. இன்று சந்திர கிரகணம். நிலா கிளம்பும்போதே முடியப்போகிற கிரகணம். பூமியின் வெளிநிழல் மட்டும் மெல்லிசாகப் படும், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள். அத்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரிக் கிரகணத்தைப் பஞ்சாங்கத்தில் போடுவதும் இல்லை. அதனால்தான், “இருட்டுறதுக்குள்ள மோர் மிளகாய அள்ளியாந்துரு தாமரை” என்று அத்தையே மாடிக்கு அனுப்பினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மறுநாள் வந்த சூரிய கிரகணத்தில், இதே பொன்னுத்தாயி அத்தை சன்னல் இடுக்கெல்லாம் சாக்கை அடைத்து நிறைமாதமாக இருந்த அவளை உள்ளறையில் உட்கார வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தேவகோட்டை ரோட்டுக்கு ஓடியது. பஸ் ஹாரன் கேட்டது. செந்தாமரை யோசிக்காமல் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்தாள். கார்த்திகையில் பிள்ளை அசைவில்லாமல் பிறந்தது. கூடியிருந்தவர்கள் நடுவில் அத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: “கண்ணுக்குட்டியக் காப்பாத்துனா, என் பேரனத் தொலைச்சுட்டா.” அதற்கப்புறம் சொல்லவேண்டிய தேவை அந்த வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை. அந்தக் கன்று இப்போது பால் கறக்கிறது. செந்தாமரை அந்தப் பாலைக் குடிப்பதில்லை.

இறங்கிவிடலாம். இடுப்பு வலிக்கிறது என்றால் போதும். ஆனால் கிரகண நிலாவைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், அந்தப் பிள்ளை தன்னால் போகவில்லை. பிறக்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்காமல் மிச்சப் படிகளையும் ஏறினாள்.

குன்றக்குடி மலைப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் கருவேலங்காட்டுக்கு மேலே, புழுதிக்குள்ளிருந்து நிலா வந்தது. செம்மண் அப்பியது போல இருந்தது. மேல் ஓரம் கொஞ்சம் மங்கலோ? கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். எந்தப் பௌர்ணமியிலும் கிளம்பும்போது நிலா இப்படித்தானே இருக்கும். நிழலா புழுதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வயிற்றில் கைவைத்தாள். உள்ளே அசைவு தெரியவில்லை.

“மிளகாய் அள்ள இம்புட்டு நேரமா? அங்குட்டு என்ன சினிமாவா ஓடுது?” அத்தை மூச்சிரைக்க ஏறி வந்து, காய்ந்த மிளகாயைத் தானே சுளகில் அள்ளி எடுத்தாள். நிலாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நல்லாப் பாத்துக்க. பிள்ளை செவப்பாப் பொறக்கும்.”

“அத்தே, இப்ப கிரகணம்.”

“போடி கூறுகெட்டவளே. பஞ்சாங்கத்துல ஒண்ணுமில்லையே.”

“ரேடியோல சொன்னாக. லேசான நிழலாம். முடியப் போகுதாம்.”

அத்தை நிலாவையே பார்த்தாள். அவளும் அந்த மேல் ஓரத்தைத்தான் தேடுகிறாள் என்று செந்தாமரைக்குப் புரிந்தது. வைவாள் என்று காத்திருந்தாள்.

“நாந்தானே உன்னைய மேல ஏறச் சொன்னேன்” என்றாள் அத்தை. குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

“ஆமாத்தே.”

அத்தையின் கையிலிருந்த சுளகு சரிந்து மிளகாய்கள் தளமெங்கும் சிதறின. யாரும் குனியவில்லை. அத்தை நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செந்தாமரையின் முன்னால் வந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அந்த வயிற்றை மறைத்துப் பிடித்தாள். அவள் தோளுக்கு மேலே நிலா வெளுத்துக்கொண்டே ஏறியது.