அண்ணன் தம்பி நெஞ்சு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் மல்லேஸ்வரம் மைதானத்தில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த ரகு, எம்பி ஓர் அடி அடித்துவிட்டு அப்படியே சரிந்து விழுந்தான். எதிரே ஆடியவர்கள் அவன் வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் கண் விழித்தவன், "பாயின்ட் யாருக்குடா?" என்று கேட்டான். 2004ஆம் வருஷம் அது. அவனுக்கு இன்னும் முப்பது முடிந்திருக்கவில்லை.

அவன் அக்கா வனஜா மின்சார அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பதறியடித்து வந்து சேர்ந்தபோது, இதய டாக்டர் மௌரீன் ஸ்கேன் பார்த்து முடித்திருந்தார். தமிழர்கள் நிறைந்த காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் தாராளமாக வந்தது.

"இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு வனஜா. இது சாதாரண ஹார்ட் அட்டாக் இல்ல, பரம்பரையா வர்றது. உங்க வீட்ல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"அப்பா. பத்து வருஷம் ஆச்சு. ஆனா அது ஹார்ட் இல்ல டாக்டர். ஆனேக்கல் திருவிழாவுல பல்லக்குத் தூக்கினதுல..."

பத்து வருஷமாக வீட்டில் சொல்லிவந்த வாக்கியம்தான். இன்றைக்குத்தான் அது வனஜாவின் காதில் விழுந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத் தசைக்குள் மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இழுத்துக்கொள்வதால்தான் இதயம் சுருங்குகிறது. அந்த இழைகளுக்கான புரதத்தை உண்டாக்கும் ஜீனில் சின்னதாக ஒரு பிசகு இருந்தால், தசை அளவுக்கு மீறி இழுத்து, வருஷக்கணக்கில் தடித்துப்போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"ரத்தத்தை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பி எந்த இடத்துல பிசகுன்னு தேடலாம். ஆனா உங்க ரெண்டு பேர் ரத்தம் மட்டும் பத்தாது. அப்பா பக்கத்துச் சொந்தம் எல்லாரும் வரணும். அவங்க உயிருக்கும் அது நல்லது."

அப்பா பக்கத்துச் சொந்தம் என்றால் ஆனேக்கல் சித்தப்பா உத்தமன் குடும்பம். அங்கேதான் சிக்கல். அன்றைக்கு மாரியம்மன் பல்லக்குக்குத் தோள் கொடுக்க அண்ணனைக் கைப்பிடித்து இழுத்துப்போனவர் அவர். நாலு தெரு தாண்டுவதற்குள் அப்பா விழுந்தார், எழுந்திருக்கவில்லை. "என் புருஷனைக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டியே!" என்று ஊர்க்கூட்டத்தின் நடுவே அம்மா அலறினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியை அவர்களும் மிதிக்கவில்லை, அந்த வீட்டுப் படியை இவர்களும் மிதிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வனஜா அம்மாவிடம் சொல்லாமல் மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ் ஏறினாள். சித்தப்பா ரோஜாத் தோட்டத்தில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணி வரச் சொன்னாங்களா?"

"இல்ல சித்தப்பா. நானாத்தான் வந்தேன்."

செடிகளுக்கு நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரகு விழுந்ததைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. அப்பாவுக்கும் இதே வியாதி இருந்திருக்கலாம் என்றபோது, அவர் ஒரு ரோஜாவின் முள்ளை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

"இதுக்காக யாரும் என்னை மன்னிக்க வேணாம் கண்ணு," என்றார் கடைசியில். "பையன் நல்லாயிருந்தா போதும். என்னைக்கு வரணும், சொல்லு."

சித்தி சின்னத்தாயி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "சும்மா நிக்க வெச்சே பேசி அனுப்பிடாதீங்க. பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் போவும்!"

குறித்த நாளில் ஆனேக்கலிலிருந்து ஒரு வேன் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள் ஸ்வர்ணா, அப்பாவுடன் பிறந்த இரண்டு அத்தைகள், அவர்களுடைய பிள்ளை குட்டிகள் என்று இறங்க இறங்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கூடவே ஒரு பெரிய தூக்கில் புளியோதரை. ஸ்கேன் எடுக்கும் ரெமிஜியஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ கடவுளே! கல்யாண மண்டபம் பக்கத்துத் தெருவுங்க!" என்றார். ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டியிருந்த ரகு படுக்கையிலிருந்து எழுந்து வந்ததும் அத்தைகள் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதார்கள். பிறகு, நீ ஏண்டா இப்படி இளைச்சுட்டே என்று ஒரு பாட்டம் திட்டினார்கள்.

அம்மா மட்டும் வராந்தாவின் இந்தக் கோடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அந்தக் கோடியில்.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். சித்தப்பா முறை வந்தபோது, அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ரெமிஜியஸ் பேச்சைப் பாதியில் விட்டுத் திரைக்குக் குனிந்தார். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார். கதவு திறந்தே இருந்தது.

"உங்களுக்கும் அதே மாதிரிதான் தடிச்சிருக்கு," என்றார் டாக்டர் மௌரீன். "ரொம்ப வருஷமாவே இருந்திருக்கும்."

"எனக்கு ஒண்ணும் ஆவலியேம்மா? நானுந்தான் பல்லக்குத் தூக்கினேன், அண்ணன் பக்கத்துலயே."

"ஒரே ஜீன்தான். ஆனா ஒருத்தர் உடம்புல ஒரு மாதிரி, இன்னொருத்தர் உடம்புல வேற மாதிரி வேலை செய்யும். அன்னைக்கு உங்களுக்கும் ஆகியிருக்கலாம். பல்லக்குத் தூக்காம வீட்ல உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு என்னைக்காவது ஆகியிருக்கலாம். இதுல யார் தப்பும் இல்ல."

வனஜா திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுந்து வராந்தாவின் முழு நீளத்தையும் நடந்து கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"பல்லக்கோட முன் கொம்புலயா நின்னே தம்பி?"

சித்தப்பா படுக்கையிலிருந்து அவசரமாக எழுந்து சட்டையைத் தேடினார். "ஆமா அண்ணி. அவரு எடப்பக்கம், நான் வலப்பக்கம்."

அம்மா அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "அவருக்குப் பதிலா உனக்கு ஆயிருந்தா?" என்றாள். "உன் பொண்டாட்டி எங்களைத்தானே திட்டியிருப்பா... ஊரே பாக்க உன்னை என்னென்ன சொன்னேன் நான்!"

"திட்டறதாவது!" என்றாள் சின்னத்தாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடிக்கவே வந்திருப்பேன்க்கா."

முதலில் அம்மாவிடமிருந்துதான் சிரிப்பு கிளம்பியது. அழுகையும் சிரிப்புமாக அவள் சின்னத்தாயியின் தோளில் சாய, அத்தைகள் சேர்ந்துகொள்ள, ரெமிஜியஸ் கதவை மூடப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கும் ஒரு தட்டு புளியோதரை கிடைத்தது.

ரத்த முடிவு வருவதற்கு மாதக்கணக்கானது. அதற்குள் ரகுவின் தோள்பட்டைக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். இதயம் தாளம் தப்பினால் அது ஓர் உதை கொடுத்துச் சரியாக்கும். சித்தப்பாவுக்கு மாத்திரை. ஜீனில் பிசகு எந்த இடத்தில் என்று ஆராய்ச்சிக் கூடம் கண்டுபிடித்திருந்தது. ரகுவுக்கும் சித்தப்பாவுக்கும் அது இருந்தது. அத்தைகளுக்கு இல்லை. ஸ்வர்ணாவுக்கும் இல்லை. அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அவள் வழியாக வராது. வனஜாவுக்கு இருந்தது, ஆனால் இதயச் சுவர் இன்னும் மெல்லிசாகவே இருந்தது.

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள் வனஜா. கொஞ்சம் வரவும் செய்தது. வருஷத்துக்கு ஒரு தரம் ஸ்கேன், கனம் தூக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மயக்கம் வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போக, அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லையே என்று நினைத்தாள். தனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. பயத்தை விட அந்த எண்ணம் பெரிதாக இருந்தது.

தை மாதத்தில் ஓசூரில் ஸ்வர்ணாவுக்குக் கல்யாணம். அம்மா நாலு நாள் முன்னதாகவே போய் இறங்கி மண்டபத்தைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள். சித்தப்பா ஒரு பூக்கூடையைத் தூக்கப் போக, "வெச்சுடு தம்பி!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். ரகுவையும் வனஜாவையும் அவரோடு சேர்த்து முன் வரிசையில் உட்காரவைத்து, மூன்று பேரும் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். மூவருக்கும் காபி, வடை, விசிறி எல்லாம் இருந்த இடத்துக்கே வந்தன.

"அக்கா, இந்த வியாதி இவ்ளோ சுகம்னு முன்னாடியே தெரியாமப் போச்சே," என்றான் ரகு, மூன்றாவது வடையைக் கடித்துக்கொண்டு.

தாலி கட்டியானதும் போட்டோக்காரர் குடும்பத்தாரை மேடைக்கு அழைத்தார். பெங்களூர்க்காரர்கள், ஆனேக்கல்காரர்கள், டாக்டர் மௌரீன், ரெமிஜியஸ் என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். எல்லாரையும் படத்துக்குள் அடக்கப் போட்டோக்காரர் பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், கடைசியில் பந்திக் கூடத்துக் கதவில் முதுகு இடித்து நின்று, அங்கிருந்து கையை ஆட்டிச் சிரிக்கச் சொன்னார். சொல்லத் தேவையே இருக்கவில்லை.